அட்டையில் நின்ற மனிதர்கள்

பேஸ்போல் ஆட்டத்தை நாம் மைதானத்திலே நின்று பார்த்ததில்லை. கிரிக்கெட்டோடு வளர்ந்த எமக்கு அதன் விதிகள் கூட நூல்வழி வந்த அறிவே. ஆயினும் அமெரிக்கரின் அவ்வாட்டத்தைச் சுற்றி எழுந்த சிறு வாணிபம் ஒன்று சில ஆண்டுகளாக எமது சிந்தனையைப் பற்றி நிற்கின்றது. ஆட்டக்காரரின் உருவம் பொறித்த அட்டைகளை விற்கும் வாணிபமே அது. அட்டை உள்ளங்கையளவானது. முன்புறத்தில் படம், பின்புறத்தில் பிறந்த ஊர், உயரம், நிறை, ஆண்டுவாரியாக எண்களின் வரிசை. இவ்வட்டைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஆடிய ஆட்டத்தாலன்றித் தமது அட்டையால் மாத்திரமே உலகம் அறிந்த மனிதர் கூட்டமொன்று எம் கண்முன் திரண்டது. அவருட் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

இவ்வட்டை பிறந்தது புகையிலைப் பெட்டிக்குள்ளே. சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு மட்டை வேண்டியிருந்தது. அம்மட்டையில் ஒரு படத்தையும் அச்சிட்டுவிட்டால் அடுத்த படத்துக்காக அடுத்த பெட்டியையும் வாங்குவான் என்று கணக்கிட்டான் வணிகன். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனி ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளை இவ்வாறு வெளியிட்டது. புகையிலைத் தொழில் முழுவதையும் ஒரு பிடிக்குள் வைத்திருந்த பெருநிறுவனம் அது. அதே 1911ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்நீதிமன்றம் அதனைப் பல கூறுகளாக உடைக்குமாறு தீர்ப்பளித்தது. நிறுவனம் உடைந்தது, அட்டைகள் நிலைத்தன.

அத்தொகுதியில் ஹோனஸ் வாக்னரின் அட்டை பெயர்பெற்றது. சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். பன்னிரண்டு வயதிலே பள்ளியை விட்டுத் தாமும் நிலக்கரி அகழச் சென்றவர். பின்னர் பிற்ஸ்பேர்க் அணிக்காக ஆடி எட்டு முறை துடுப்பாட்ட முதன்மை பெற்றார். 1936ஆம் ஆண்டு பேஸ்போலின் புகழ்மண்டபம் தெரிந்தெடுத்த முதல் ஐவருள் ஒருவரானார். அவர் தமது அட்டையை வெளியிட வேண்டாமென மறுத்ததால் மிகச் சிலவே அச்சாகி வெளிவந்தன. சிறுவர் சிகரெட் வாங்கத் தம் படம் தூண்டுகோலாகக் கூடாதென எண்ணினார் என்பர் சிலர். தமக்குரிய பணம் தரப்படவில்லையென்றே மறுத்தார் என்பர் வேறு சிலர். முதற்காரணம் கேட்க இனிதாக உள்ளது. இரண்டாவதே உண்மையாயினும் அதில் இழுக்கொன்றுமில்லை என்பது எமது துணிபு. தன் முகத்தை விற்கிறவனிடம் கூலி கேட்பது ஒரு தொழிலாளியின் நியாயமான கோரிக்கையே. வாக்னர் தம் உச்சக் காலத்திற் பெற்ற ஆண்டுச் சம்பளம் 10,000 டொலர். 2022ஆம் ஆண்டு அவரது அட்டையொன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது. இன்று அமெரிக்காவில் அவர் பெயரைச் சொன்னால் எட்டு முதன்மைகளை எவரும் நினைப்பதில்லை, அட்டையையே நினைக்கின்றனர்.

வாக்னராவது பெருவீரர். அதே தொகுதியில் ஜோ டொயில் என்றொரு பந்தெறிவாளர் இருந்தார். 1906 தொடக்கம் 1910 வரை சில பருவங்களே ஆடினார். இருபத்திச் சொச்சம் வெற்றி, ஏறத்தாழ அதேயளவு தோல்வி. எந்த வரலாற்றாசிரியனும் இரண்டாம் முறை திரும்பிப் பாராத வாழ்வு. நியூயோர்க்கில் அக்காலத்தில் இரு அணிகள் இருந்தன. மற்றைய அணியிலும் டொயில் என்ற பெயருடைய ஒருவர் ஆடினார். அச்சுக்கோத்தவர் இருவரையும் மயங்கி, இவருடைய அட்டையில் அவருடைய லீக்கின் பெயரைப் பொறித்துவிட்டார். பிழை விரைவில் திருத்தப்பட்டது. திருத்துமுன் வெளியேறிய சில அட்டைகள் இன்று இலட்சக்கணக்கான டொலர் பெறுகின்றன. திருத்திய அட்டைக்கு அத்தகைய மதிப்பில்லை. அச்சகத்துத் தொழிலாளி ஒருவரின் கைப்பிசகு ஜோ டொயிலுக்கு அவரது வலக்கை தராத நிலைபேற்றை அளித்தது!

இங்கே இன்னொருவரைச் சொல்லாது மேற்செல்ல எமக்கு மனமில்லை. சிதறிக் கிடந்த இவ்வட்டைகளை எல்லாம் தேடி, இனம்பிரித்து, எண் கொடுத்துப் பட்டியலிட்ட ஜெபர்சன் பேர்டிக் என்பவர் ஆட்டக்காரருமல்லர், வணிகருமல்லர். நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் உழைத்தவர். மூட்டுவாதம் அவர் விரல்களை முடக்கிக்கொண்டிருந்தது. தாம் சேர்த்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்து, அங்கே சென்றமர்ந்து ஆண்டுக்கணக்காகத் தம் கையாலேயே அல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அப்பணி முடிந்தது. இரண்டு மாதங்களில் அவர் மறைந்தார். அவருடைய பட்டியலில் வாக்னர் அட்டையின் விலை 50 டொலர். இன்றைய கோடிகளெல்லாம் அவர் வகுத்த எண்களின் மீதே நடைபெறுகின்றன. அவரோ ஒரு சதமேனும் கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எமது தமக்கையார் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பதினான்கு வயது மருமகன் தடித்த அல்பமொன்றைப் பயணப்பெட்டியில் உடைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்திருந்தான். ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறை. ஈரக் கையால் தொடக்கூடாதென்று எமக்கு எச்சரிக்கையும் விடுத்தான். நூலகத்துச் சுவடியை எடுத்துக் காட்டுபவன்போல அவன் பக்கங்களைப் புரட்டிய பக்குவம் எம்மைக் கவர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, "மாமா, இதுதான் பேமசான கார்ட்," என்றான்.

1989ஆம் ஆண்டு பிளீர் கொம்பனி வெளியிட்ட பில்லி ரிப்கனின் அட்டை அது, இலக்கம் 616. துடுப்பைத் தோளிலே சாய்த்துப் புன்னகை புரியும் இளைஞன். துடுப்பின் அடிக்குமிழில் இரண்டு சொற்கள் கறுப்பு மையால் எழுதப்பட்டிருக்கின்றன. அச்சொற்களை எந்த ஆசிரியரும் வகுப்பில் உச்சரிக்கமாட்டார், இச்சஞ்சிகையும் அச்சிடாது. தமக்கையார் இவ்வட்டையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். குமிழின் மீது அவர் கண் போகவில்லைப் போலும். நாமும் சொல்லவில்லை.

"ஆள் எப்படி விளையாடினவர்?" என்று கேட்டோம்.

"அது தெரியாது மாமா. இந்தக் கார்டாலதான் ஆளைத் தெரியும்."

அவன் மீது குற்றமில்லை. பில்லி ரிப்கன் 1987 முதல் 1998 வரை பன்னிரண்டு பருவங்கள் உயர்மட்ட அணிகளில் ஆடியவர். ஆயிரம் வாய்ப்புக்கு 247 தடவை பந்தை வெற்றிகரமாக அடித்தவர் என்கிறது கணக்கு. பெரிதல்ல, அற்பமுமன்று. அமெரிக்காவில் பேஸ்போல் ஆடும் இலட்சக்கணக்கான சிறுவருள் பன்னிரண்டு ஆண்டு அங்கே நின்று பிடிப்பவர் எத்தனை பேர்? அவரது தமையன் கல் ரிப்கனோ தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடிப் புகழ்பெற்றவர். தந்தை 1988ஆம் ஆண்டு அதே போல்ற்றிமோர் அணியின் பயிற்றுநர். பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களும் தோற்றவுடன் முதலாளிகள் தந்தையை வேலைநீக்கம் செய்தனர். பிள்ளைகளிருவரும் அதே அணியில் தொடர்ந்து ஆடவேண்டியதாயிற்று. அவ்வணி அவ்வாண்டு முதல் 21 ஆட்டங்களையும் ஒருங்கே தோற்றது. தந்தை துரத்தப்பட்ட களத்தில் மகன் எந்த மனத்தோடு பந்தை எதிர்கொண்டிருப்பான்? அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்கள் இதைச் சொல்லா.

பயிற்சித் துடுப்பை மற்றவற்றினின்று வேறுபடுத்தத் தாமே அச்சொற்களை எழுதினார் என்று 2008ஆம் ஆண்டு ரிப்கன் வெளிப்படையாகச் சொன்னார். அதை அறியாமல் அதே துடுப்போடு படத்துக்கு நின்றுவிட்டார். கொம்பனிக்காரர் தவறைக் கண்டதும் சிலவற்றில் வெள்ளை பூசினர், சிலவற்றிற் கறுப்பாகக் கிறுக்கினர், பின்னர் கறுத்த கட்டமொன்றை இட்டனர். ஒவ்வொரு மறைப்பும் புதிய சேகரிப்புப் பொருளாயிற்று. எல்லா வகைகளையும் சேர்த்துவைத்திருப்பதே பெருமை என்றாயிற்று! மறைக்க மறைக்க விலை ஏறிய விந்தையைப் பொருளியல் கற்பிக்கும் நண்பரொருவரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, பண்டத்தின் இலக்கணமே அதுதான் என்றார்.

இனி இவ்வட்டைகளின் பின்னேயிருந்த கூலி விடயத்துக்கு வருவோம். ஆசிரிய நண்பர்கள் இதனை மாணவருக்கும் எடுத்துச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புகையிலையின் இடத்தைப் பபிள்கம் பிடித்தது. போமன், ரொப்ஸ் என்னும் இரு கொம்பனிகள் ஆட்டக்காரரின் படங்களுக்காக ஒன்றோடொன்று மோதின. 1953ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, ஒருவனுடைய உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவனுக்கே உரிய தனிச்சொத்து என்றும், அதை அவன் பிறருக்கு விற்கலாமென்றும் தீர்ப்பளித்தது. முகத்தை ஒரு சொத்தாகச் சட்டம் ஏற்ற இடம் இதுவே. இன்று நடிகரும் பாடகரும் இவ்வுரிமையை முன்வைத்து வழக்காடுகின்றனர்; அதன் வேர் பபிள்கம் வியாபாரத்தில் இருக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. சட்டத்தில் முகம் ஆட்டக்காரனுக்குச் சொந்தம். நடைமுறையிலோ, 1956ஆம் ஆண்டு போமனை விலைக்கு வாங்கித் தனியாட்சி பெற்ற ரொப்ஸ் கொம்பனி, கீழ்நிலை அணிகளில் ஆடும் இளைஞரிடம் சென்று 5 டொலரைக் கையில் வைத்து ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கியது. உயர்மட்ட அணிக்கு ஏறியபின் ஆண்டுக்கு 125 டொலர். பணம் வேண்டாமென்றால் பட்டியலைப் பார்த்து வீட்டுச் சாமான் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கோடி அட்டைகள் விற்றாலும் இதுவே கூலி.

1966ஆம் ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்துக்கு மார்வின் மில்லர் தலைமை ஏற்க வந்தார். உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றியவர் அவர். அப்போது உயர்மட்ட ஆட்டக்காரனின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டொலர். ரொப்ஸ் கொம்பனியின் தலைவரிடம் சென்று ஒப்பந்தத்தைத் திருத்துமாறு மில்லர் கேட்டார். கேட்பதற்கு உம்மிடம் என்ன வலு இருக்கின்றது என்ற தொனியில் மறுமொழி வந்தது. வலு எங்கே இருக்கின்றதென்பதை மில்லர் அறிந்திருந்தார், ஆட்டக்காரரும் அறிந்துகொண்டனர். 1968ஆம் ஆண்டு வசந்தகாலப் பயிற்சி முகாம்களில் ரொப்ஸ் புகைப்படக்காரர் வந்து நின்றபோது அவர்கள் படத்துக்கு நிற்க மறுத்தனர். பதாகையில்லை, கோஷமில்லை. கமராவுக்கு முன்னால் நிற்காதிருந்ததே போராட்டமாயிற்று. அதனால் 1969ஆம் ஆண்டுத் தொகுதி பழைய படங்களாலும், தொப்பியில்லாத தலைகளாலும் நிறைந்தது. கொம்பனி இறங்கி வந்தது. ஆண்டுத் தொகை 250 டொலராக இரட்டித்தது. அதற்கு மேலாக விற்பனையில் நாற்பது இலட்சம் டொலர் வரை 8 வீதமும், அதற்கு மேல் 10 வீதமும் சங்கத்துக்குக் கிடைத்தன. பின்னாளில் அட்டைப் பணமே சங்கத்தின் போராட்ட நிதியாயிற்று. 1994ஆம் ஆண்டு ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது உலகத் தொடரே நடைபெறாது போனது. 232 நாள் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்நிதியும் ஒரு காரணம். ஒரு நாட்டின் உழைப்பாளர் தமது சொந்த முகத்தையே நிறுத்திவைத்துப் பேரம் பேசிய வேறு வரலாறு எமது வாசிப்பில் அகப்படவில்லை.

அதே 1969ஆம் ஆண்டுத் தொகுதியில் அவுரேலியோ ரொட்ரிகஸ் என்னும் மெக்சிக்கரின் அட்டையும் இருக்கின்றது. கனனேயா என்னும் செம்புச் சுரங்க ஊரிற் பிறந்தவர். 1906ஆம் ஆண்டு அமெரிக்க முதலாளிகளுக்கெதிராக நிகழ்ந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. ரொட்ரிகஸ் மூன்றாம் தளக் காவலர். அவர் கையெறிதலின் வேகத்தைக் கண்டோர் வியந்தனர். பதினேழு பருவங்கள் ஆடினார். 1976ஆம் ஆண்டு களத்தடுப்புக்கான தங்கக் கையுறைப் பரிசைப் பெற்று, அப்பரிசைப் பதினாறு ஆண்டு தொடர்ந்து தம் வசம் வைத்திருந்த புறூக்ஸ் ரொபின்சனின் பிடியை விடுவித்தார். ஆனால் சேகரிப்போர் அவரை நினைப்பது அந்த அட்டைக்காகவே. ஏனெனில் அதிலுள்ள முகம் அவருடையதன்று! அணியில் துடுப்புகளை எடுத்துக்கொடுக்கும் ஏவற்பையன் ஒருவனுடைய முகம் அது. நிறமும் சாயலும் ஒத்த இருவரை வேறுபடுத்திப் பார்க்கும் சிரமத்தை அக்கொம்பனியில் எவரும் மேற்கொள்ளவில்லைப் போலும். இப்பிழையை எல்லோரும் வேடிக்கையாகவே எழுதியிருக்கின்றனர். எமக்கு வேடிக்கை வரவில்லை. ஒருவனுக்குப் பெயர் இருந்தது, முகம் இல்லை. மற்றவனுக்கு முகம் இருந்தது, பெயர் இல்லை.

ஒஸ்கார் கம்பிளின் அட்டையோ வேறு வகையானது. அலபாமாவிற் பிறந்த கறுப்பினத்தவர். 200 முறை பந்தை எல்லைக்கு வெளியே அடித்தவர். 1976ஆம் ஆண்டு அட்டையில் அவரது சுருள்முடி ஒரு பெருங்கோளமாகத் தொப்பியின் இருபுறமும் பொங்கி நிற்கின்றது. கறுப்பினத்தார் தம் இயற்கை முடியை மறைக்காது தலைநிமிர்ந்து நடந்த காலம் அது. அந்தத் தொப்பியோ ஓவியனின் தூரிகை இட்ட தொப்பி. கிளீவ்லாந்து அணியிலிருந்து நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டமையால், பழைய படத்தின் மீது புதிய அணியின் சின்னத்தைத் தீட்டிவிட்டனர். யாங்கீஸ் அணியிலோ நீண்ட முடிக்குத் தடை. பயிற்சி முகாமுக்கு வந்ததும் முடியை வெட்டவேண்டியதாயிற்று. ஆக, அந்த முடியோடு அவர் யாங்கீஸ் உடையில் ஒருநாளும் ஆடவில்லை. 2018ஆம் ஆண்டு அவர் காலமானபோது பத்திரிகைகள் வெளியிட்ட படங்களுள் அதுவும் ஒன்று.

இவர்களெல்லாம் ஒருவாறு வாழ்ந்து முடித்தவர்கள். எம் நெஞ்சை விட்டகலாதவர் பிறையன் ரெயிலர். இவ்விளைஞர் உயர்மட்டத்தில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஆடுவதற்கு முன்பே அட்டையானவர்.

எண்பதுகளின் இறுதியில் அட்டை வாணிபம் பங்குச் சந்தையின் குணத்தை அடைந்துவிட்டது. தந்தையர் பிள்ளைகளின் கல்விச் செலவுக்கென்று அட்டைப் பெட்டிகளை உறைகூடப் பிரிக்காமல் அடுக்கிவைத்தனர். நிகழ்கால வீரனைவிட வருங்கால வீரனுக்கே விலை அதிகம். 1990ஆம் ஆண்டு ரெக்சாஸ் மாநிலத்து வெள்ளை இளைஞர் ரொட் வான் பொப்பல் 12 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தமானார். அவர் அட்டையைச் சிறுவர் பொன்போற் பதுக்கினர். (அவர் பின்னர் பெற்றவை 40 வெற்றிகள், 52 தோல்விகள்.) மறு ஆண்டு வடகரோலைனா மாநிலத்துக் கடலோர ஊரான போபோர்ட்டிலிருந்து பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர் ரெயிலரை யாங்கீஸ் நாட்டின் முதற்றெரிவாக எடுத்தது. இடக்கைப் பந்தெறிவாளர். தந்தை கொத்துவேலை செய்பவர். தாய் கடலுணவுத் தொழிற்சாலையில் நண்டுச் சதை பிரிப்பவர்.

அணியினர் குறைந்த தொகையொன்றைச் சொல்லினர். நண்டு உரிக்கும் அத்தாய் கையொப்பமிட மறுத்துவிட்டார். சென்ற ஆண்டு பதினான்காவதாகத் தெரிவான வெள்ளை இளைஞனுக்குக் கொடுத்ததை முதலாவதாகத் தெரிவான தம் மகனுக்கு ஏன் கொடுக்கலாகாது என்பது அவர் கேள்வி. கோடை முழுதும் அவர் அசையவில்லை. மகன் கல்லூரிக்குப் புறப்படும் தறுவாயில் அணி பணிந்தது: 15 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். அன்றுவரை எவரும் பெறாத தொகை. பட்டமில்லாத ஒரு தொழிலாளிப் பெண் நியூயோர்க்கின் வழக்கறிஞர் கூட்டத்தை வென்ற இக்கதையை எமது உயர்வகுப்பு மாணவியருக்குச் சொன்னபோது அவர்கள் கைதட்டினர்.

1992ஆம் ஆண்டு ரொப்ஸ் தனது பொன்முலாம் தொகுதியில் ரெயிலரின் அட்டையைச் சிறப்பாகச் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் அவரது கையொப்பம்; மொத்தம் 12,000 அட்டைகள். இடக்கை இளைஞர் அவர். பந்தெறியும் அதே கையால் பன்னிரண்டாயிரம் முறை தம் பெயரை எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம்.

1993 டிசம்பரில், ஊரிலே தமையன் சண்டையொன்றில் அடிபட்டதறிந்து ரெயிலர் அங்கே சென்றார். கைகலப்பில் விழுந்தபோது இடத்தோள் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்த பிராங் ஜோப் தாம் கண்ட மிகக் கொடிய தோட்காயங்களுள் அது ஒன்று என்றார். அடுத்த ஆண்டு முழுதும் அவர் ஆடவில்லை. பின்னர் திரும்பி வந்தபோது வேகம் போயிருந்தது. பந்து அவர் சொன்ன இடத்துக்குச் செல்லவில்லை. 2000ஆம் ஆண்டுவரை கீழ்நிலை அணிகளிலே முயன்றார். அதன்பின் பொதிகள் சுமக்கும் வேலை. அதன்பின் தந்தையோடு செங்கல் அடுக்கும் வேலை. 2012ஆம் ஆண்டு போதைப்பொருள் வழக்கில் 38 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். செய்தி எழுதியோர் யாவரும் பழைய 15 இலட்சத்தைத் தலைப்பிலிட மறக்கவில்லை. தமையனுக்காக ஓடியமையை அவரது மடமை என்று எழுதியோரும் உளர். தோளை நினைந்து வீட்டிலேயே இருந்திருக்கவேண்டுமாம்! அத்தோள் யாங்கீஸ் அணிக்கும் அட்டைக் கொம்பனிக்கும் உரிய முதலீடு என்று கொண்டால் அவ்வாதம் சரியே. அது அவருடைய தோள் என்று கொண்டால் என்ன சொல்வது?

அட்டை வாணிபமும் அதே காலத்தில் வீழ்ந்தது. அளவுகடந்து அச்சிட்டமையால் அக்காலத்து அட்டைகள் பெட்டி பெட்டியாக வீட்டு நிலவறைகளில் விலைபோகாது கிடக்கின்றன. தந்தையர் கட்டிய கல்விக் கனவுகளும் அவற்றோடு கிடக்கின்றன.

மருமகன் புறப்படுவதற்கு முதல்நாள் அவனிடம் பிறையன் ரெயிலரின் அட்டை உண்டா என்று கேட்டோம். அல்பத்தைத் திறக்காமலேயே இல்லையென்றான். கையொப்பத்தோடு கூடியதும் மலிவாகவே கிடைக்கிறதாம். அதற்கு ஓர் உறையை வீணாக்குவானேன் என்பது அவன் கணக்கு. அவனுக்கு அந்தத் தாயின் கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டான். ஊருக்குப் போனபின் ஒன்று வாங்கிப் படம் அனுப்புவதாகச் சொன்னான், அனுப்பியுமிருந்தான். தொப்பியின் நிழலில் இளநகை, கீழே சாய்வான எழுத்தில் பெயர். உறையின்றி அவனது எழுத்துமேசையின் மீது சாத்தி வைத்திருந்தான்.